பிரிட்டிஷ் பிரஜை வேதாசலம்

சிட்னி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது மோர்மிளகாய்ப் பொட்டலம். முகர்ந்து பார்த்தார். மூன்று முறை தும்மினார். பொட்டலம் குப்பைக்கூடைக்குள் போயிற்று. ஆஸ்திரேலிய அரசாங்கத்துடன் எனக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு இதுதான்.

இரண்டாவதாக எடுத்தது, வேட்டியில் சுற்றியிருந்த ஒரு செப்புத் தகடு.

"இது என்ன?"

"அரசாங்கம் கொடுத்த பட்டயம். என்னுடையது இல்லை. மெல்போர்னில் ஒரு பெரியவருக்குக் கொண்டுபோகிறேன்."

"எதற்காகக் கொடுத்தார்கள்?"

"ஜெயிலுக்குப் போனதற்காக."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் நாட்டில் ஜெயிலுக்குப் போனால் பரிசு தருவார்களா?"

"எல்லாருக்கும் இல்லை. பிரிட்டிஷ்காரர்களை ஊருக்குப் போகச் சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு மட்டும்."

அவர் சற்று யோசித்தார். தன் தாத்தா அயர்லாந்திலிருந்து வந்தவர் என்றும், அவரும் ஆயுள் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்றும், ஆனால் அவருக்கு யாரும் ஒரு கரண்டிகூடக் கொடுக்கவில்லை என்றும் சொல்லித் தகட்டை மரியாதையாகச் சுற்றி வைத்தார். மோர்மிளகாய் திரும்பி வரவில்லை.

நான் சென்னையில் ஒரு விவசாய மாத இதழின் ஆசிரியர். எழுபத்தேழாம் வருஷம் மே மாதம் சிட்னியில் நடந்த கம்பளி ஆட்டுக் கண்காட்சிக்கு எங்கள் இதழுக்கு அழைப்பு வந்தது. ஆட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ஆடு என்பதுதான். எங்கள் வாசகர்களிலும் கம்பளி அணிகிறவர்கள் யாரும் இல்லை. இருந்தாலும் போகாமல் இருப்பது மரியாதையாகாது என்று ஆசிரியர் குழு முடிவு செய்தது. ஆசிரியர் குழு என்பது நான்.

நான்கு நாள் ஆடுகளைப் பார்த்தேன். நான்கு நாளும் விருந்தில் அதையே பரிமாறினார்கள். நான் சைவம் என்றதும் ஒரு பணிப்பெண் மிகுந்த அனுதாபத்தோடு கோழி கொண்டுவந்தாள். பிறகு வேகவைத்த பரங்கிக்காயும் பட்டாணியும் வந்தன. மூன்றாம் நாள் கடையில் தயிர் மாதிரி ஒன்றைக் கண்டு, வாங்கிவந்து, ஓட்டல் அறையில் சோற்றில் பிசைந்தேன். சோறு ரோஜா நிறமாயிற்று. அதற்குள் ஸ்ட்ராபெரிப் பழம் இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன். அந்த அளவுக்கு ஊர் ஞாபகம் வந்திருந்தது.

பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாள்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"சனிக்கிழமை எதற்கு ஓட்டு?"

"அரசியல் சட்டத்தைத் திருத்த. நாலு கேள்வி. ஒன்று, நீதிபதிகளை எழுபது வயதில் வீட்டுக்கு அனுப்பலாமா என்று."

"வேண்டவே வேண்டாம். என் வீட்டுக்காரரை அறுபத்தைந்தில் அனுப்பினார்கள். அன்றிலிருந்து என் சமையலறையில் நிற்கிறார். நீதிபதிகளுக்கும் பெண்டாட்டிகள் இருப்பார்கள், பாவம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மாளின் வாதத்தால் அல்ல. அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் பஸ்ஸில் போகிற அம்மாளைக் கேட்பார்களா? எங்கள் ஊரில் அதுவரை நாற்பத்திரண்டு தடவை திருத்தியிருந்தார்கள். கடைசித் தடவை திருத்தியபோது சட்டம் கிழிந்துவிடுமோ என்று பயமாகவே இருந்தது. ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை. நானும் வீட்டில்தான் இருந்தேன்.

மெல்போர்ன் போனதும் புறநகர் ரயிலில் கிளேட்டனுக்குப் புறப்பட்டேன். கிளேட்டன் வந்தது. கதவருகே நின்றேன். கதவு திறக்கவில்லை. ரயில் புறப்பட்டது. அடுத்த ஸ்டேஷனிலும் நின்றேன், திறக்கவில்லை. அதற்கும் அடுத்ததில், பின்னாலிருந்து ஒரு தொழிலாளி கை நீட்டிக் கதவை இழுத்துத் திறந்து, "அதை இழுக்க வேண்டும், நண்பா" என்றார். சென்னை ரயிலில் முப்பது வருஷம் போயிருக்கிறேன். அங்கே கதவு மூடியிருந்து நான் பார்த்ததில்லை. எனவே திறக்கவும் பழகவில்லை. இரண்டு ஸ்டேஷன் திரும்பி வந்தபோது, என்னை அழைத்துப்போக வந்திருந்த சந்தானம் குளிரில் நீலமாக நின்றிருந்தான்.

சந்தானம் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவன். அவன் அப்பா வேதாசலம்தான் பட்டயத்துக்கு உரியவர். மாயவரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாற்பத்திரண்டில் ஒன்பது மாதம் உள்ளே இருந்தார். இப்போது எழுபத்து மூன்று வயது. எட்டு மாதமாக மகனுடன் கிளேட்டனில். அவருடைய தம்பி சென்னையில் எனக்குப் பக்கத்து வீடு. அவர்தான் தகட்டை என் பெட்டியில் திணித்தவர்.

சந்தானத்தின் மனைவி வசந்தா இட்லியும், காய்ந்த தேங்காய்த் துருவலை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த சட்னியும் செய்திருந்தாள். கறிவேப்பிலை இல்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏழு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நேரமும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து வீட்டு சிவஞானம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பட்டயத்தைக் கையில் வாங்கி, "ஐயா, ஜெயிலுக்கு உள்ளுக்கை அடிச்சவங்களோ?" என்று கேட்டார்.

"அங்க அடிக்கல. பள்ளிக்கூடத்துலதான் அடிச்சாங்க" என்றார் வேதாசலம். "இன்ஸ்பெக்டர் வந்தப்போ, லண்டன் ராஜாவைக் கடவுள் காப்பாத்தட்டும்னு அரண்மனை வாழ்த்துப் பாட்டுப் பாடினாங்க. எல்லாரும் எழுந்து நின்னாங்க. நான் நிக்கல. பதினாறு வயசு. பன்னண்டு பிரம்படி. அந்தப் பாட்டு எப்பக் கேட்டாலும் இன்னும் உள்ளங்கை எரியும். ஜெயில்ல வேற மாதிரி. ஒரு ஃபாரம் நீட்டுவாங்க. இனிமே செய்ய மாட்டேன்னு கையெழுத்துப் போட்டா அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். கூட இருந்தவங்க சில பேர் போட்டாங்க. நான் போடல."

"வெறும் ஒரு கையெழுத்துத்தானே?" என்றார் சிவஞானம்.

"அதையேதான் ஜெயிலரும் சொன்னான்."

பிறகு அவர் மேஜை மேல் இருந்த சிறு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். சனிக்கிழமை கேட்கப்போகிற நான்கு திருத்தங்களைப் பற்றி அரசாங்கமே வீடு வீடாக அனுப்பியது. வரிக்கு வரி பென்சிலால் கோடிட்டிருந்தார். கிளேட்டனில் அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"நீதிபதிக்கு எழுபது போதும். எனக்கு எழுபத்து மூணு. காலைல என்ன சாப்பிட்டேன்னு சாயங்காலம் ஞாபகம் இல்ல. என்னை நம்பி ஒருத்தனைத் தூக்குல போடலாமா? அதுக்கு 'ஆம்'தான்." குரல் தாழ்ந்தது. "மார்ச்சுல நம்ம ஊர்ல தேர்தல் நடந்தப்போ நான் இங்க மாட்டிக்கிட்டேன். அம்பத்திரண்டுலேர்ந்து ஒரு ஓட்டு விட்டதில்ல. எமர்ஜென்சில எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு, கடைசில பேசக் கிடைச்ச ஒரு நாள். அன்னிக்கு இங்க ஹீட்டர் பக்கத்துல உக்காந்திருந்தேன். அதான் இந்த சனிக்கிழமைக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். விவசாய இதழ் ஆசிரியருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும்.

"ஆமா, நீங்க யாரும் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லையே. எப்படி ஓட்டு?"

"நாங்கள் எல்லாரும் பிரிட்டிஷ் பிரஜையள்" என்றார் சிவஞானம் உற்சாகமாக. "இந்தியா, இலங்கை எல்லாம் கொமன்வெல்த் தானே. இங்கத்தைய சட்டப்படி நாங்கள் பிரிட்டிஷ் பிரஜையள். ஆறு மாதம் இருந்தால் பேரைப் பதியலாம். பதிஞ்சால் ஓட்டுப் போட்டே ஆகவேணும். ஃபோரத்திலை முதல் வரியே அதுதான். ஐயாவும் கையெழுத்து வைச்சவர்தானே?"

சிறு புத்தகம் மறுபடி மேஜைக்குப் போயிற்று.

"சந்தானம்" என்றார் வேதாசலம். "போன மாசம் ஒரு காகிதம் நீட்டினியே, அதுவா?"

"அது வெறும் ஃபாரம்ப்பா."

அவர் எழுந்தார். பட்டயத்தை மறுபடி வேட்டியில் சுற்றி என் மடியில் வைத்தார். "இதை ஊருக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. இதுக்கு உரியவன் இந்த வீட்ல இல்ல." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை என்னைத் தபாலாபீசுக்கு அழைத்துப் போனார். புது ஃபாரம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதல் வரியைப் படித்தார். 'நான் பிரிட்டிஷ் பிரஜை' என்றிருந்தது. சிவஞானம் பொய் சொல்லவில்லை.

"என் பேரை அடிச்சுடுங்க" என்று கவுண்டரில் இருந்த பையனிடம் ஆங்கிலத்தில் சொன்னார். தபால்தலை விற்கிற தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அவன் பணிவாகச் சொன்னான். பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் சனிக்கிழமை போய்த்தான் ஆக வேண்டும், போகாவிட்டால் காரணம் கேட்டு வீட்டுக்குக் கடிதம் வரும் என்றும் சொன்னான்.

"வரட்டும். காரணம் எழுதறேன்."

சந்தானம் கதிகலங்கிப் போனது இதைக் கேட்டுத்தான். கடிதம் வருவது பற்றி அவனுக்குக் கவலை இல்லை. அப்பா உண்மையான காரணத்தை எழுதுவாரே என்பதுதான் கவலை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆறு பக்கம் எழுதிவிட்டார். மொழி மிகச் சுத்தமான ஆங்கிலம். முதல் பக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வந்துவிட்டது.

சிவஞானம் வந்து சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"ஐயா, ஒருக்கா யோசியுங்கோ. உங்கட ஆக்கள் உங்களைக் கேளாமல் நாப்பத்திரண்டு தரம் திருத்தினவை. எங்கட ஆக்கள் எங்களைக் கேளாமல் முழுசையும் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசா எழுதினவை. இவங்கள் தானே எங்களைக் கேக்கிறாங்கள்? எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன?"

"நீங்க ஜெயில்ல நீட்டின அந்த ஃபாரத்தை மறுத்ததில்ல சிவஞானம்."

"ஓம். எனக்கு ஒருத்தரும் தந்ததில்லை" என்று ஒப்புக்கொண்டு சிவஞானம் போய்விட்டார்.

இரண்டு நாளாக வேதாசலம் எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். இடையிடையே அந்தச் சிறு புத்தகத்தை எடுப்பார், ஒரு பக்கம் படிப்பார், சட்டென்று மூடிக் குப்புற வைப்பார். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நானோ பட்டயத்தை மறுபடி சுங்க அதிகாரிக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது வசந்தா தோசை வார்த்துக்கொண்டே, கல்லைப் பார்த்தபடி பேசினாள்.

"மாமா, நாளைக்குப் பாட்டுக்கும் ஓட்டு இருக்கு."

"என்ன பாட்டு?"

"தேசப் பாட்டா எதை வெச்சுக்கலாம்னு. நாலு பாட்டு. பிடிச்ச வரிசைல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு நம்பர் போடணும். அதுல அரண்மனைப் பாட்டும் ஒண்ணு."

அவர் கை தோசையில் நின்றது. "பன்னண்டு அடி பாட்டா?"

"அதேதான். அதை நாலாவதாப் போட இந்தப் பேட்டைல எத்தனை பேர் இருப்பாங்கன்னு தெரியல." தோசையைத் திருப்பினாள். "ஆனா பட்டியல்ல பேர் இருந்தாத்தான் போடலாம்."

"பிரிட்டிஷ் பிரஜையா இருந்தாத்தான்."

"நீங்க போடப் போறதில்லையே. சும்மா சொன்னேன். சட்னி வைக்கட்டுமா?"

அவர் இன்னும் இரண்டு தோசை சாப்பிட்டார். கை கழுவப் போகும்போது, யாரையும் பார்க்காமல், "சாவடி எத்தனை மணிக்குத் திறப்பான்?" என்று கேட்டார்.

காலை எட்டு மணிக்கு. அவர் ஆறு மணிக்கே தயாராக இருந்தார். வேட்டி, அதன் மேல் மகனின் ஓவர்கோட்டு, தலையில் மஃப்ளர், காலில் கான்வாஸ் ஷூ. எந்த நாட்டுப் பிரஜை என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்ல முடியாது.

ஓட்டுச்சாவடி ஒரு பள்ளிக்கூட ஹால். ஒலிபெருக்கி இல்லை. போலீஸ் இல்லை. வாசலில் சில தாய்மார்கள் பள்ளிக்கூட நிதிக்காகக் கேக் விற்றுக்கொண்டிருந்தார்கள். 'ஆம்' போடச் சொல்லி ஒருவரும் 'இல்லை' போடச் சொல்லி ஒருவரும் சீட்டுக் கொடுத்தார்கள். இருவரும் ஒரே பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இந்த இருவரும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் இருந்திருப்பார்கள். வேதாசலம் இரண்டு சீட்டையும் வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

ஓட்டு இல்லாத நான் வாசற்படியோடு நிற்க வேண்டும். அங்கே இரண்டு நாய்களும் கட்டப்பட்டிருந்தன. அவற்றுக்கும் ஓட்டு இல்லை. அங்கிருந்தே உள்ளே நடந்ததைப் பார்த்தேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் அவர் பெயரைக் கண்டுபிடித்து, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். தாள்களைக் கொடுத்தார். வேதாசலம் நகரவில்லை. இடது ஆள்காட்டி விரலை நீட்டியபடி நின்றார்.

"விரலில் காயமா, அன்பரே?"

"மை."

"என்ன மை?"

ஓட்டுப் போட்டவர் மறுபடி வராமல் இருக்க எங்கள் ஊரில் விரலில் மை வைப்போம் என்று விளக்கினார். அம்மாள் அக்கறையோடு கேட்டுவிட்டு, "இரண்டு தடவை வந்து எதற்காக ஓட்டுப் போடப் போகிறீர்கள்? ஒரு தடவை வரவைப்பதற்கே நாங்கள் சட்டம் போட வேண்டியிருக்கிறது" என்றார்.

அவர் தடுப்புக்குப் பின்னால் போனார். அரை நிமிஷத்தில் தாளும் கையுமாக வெளியே வந்து என்னைப் பார்த்துக் கத்தினார்.

"பென்சில் வெச்சிருக்கான்! கயித்துல கட்டி, பென்சில்! இவன் அழிச்சுட்டா? பேனா இருக்கா?"

என் பேனா விமானத்தில் கசிந்து ஏற்கெனவே ஒரு சட்டையைத் தீர்த்துக்கட்டியது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. சந்தானம் முடித்து வந்தான். வசந்தா முடித்து வந்து கேக் வாங்கினாள். சிவஞானம் முடித்து வந்து, "ஐயா உள்ளுக்கை இன்னொரு அரசியல் சட்டம் எழுதுறார் போலை" என்றார். பிறகு அவர் வந்தார். தாள்களை மடித்துப் பெட்டியில் போட்டார். போட்ட பிறகும் பெட்டியின் துவாரத்தை ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

வெளியே வந்து பேனாவை நீட்டினார். விரல்நுனி முழுக்க நீலம். வசந்தா கைக்குட்டையை எடுத்தாள்.

"துடைச்சுக்குங்க மாமா."

"இருக்கட்டும்" என்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். வீடு வரும்வரை கை அங்கேயே இருந்தது. அந்த ஆறு பக்கக் கடிதத்தை அவரே கிழித்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் முடிவுகள் வந்தன. நான்கு திருத்தங்களில் மூன்று தேறின. நீதிபதிகள் எழுபதில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு சபைகளுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் நடத்தலாமா என்ற கேள்வி மட்டும் தோற்றது. அதற்கு 'ஆம்' சொன்னவர்கள்தான் அதிகம். ஆனால் நாடு முழுவதையும் சேர்த்து எண்ணிய பெரும்பான்மை மட்டும் போதாதாம். ஆறு மாநிலங்களில் குறைந்தது நான்கு தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டுமாம். மூன்றுதான் சம்மதித்திருந்தன.

வேதாசலம் இதை மூன்று தடவை படித்தார். "ஜனங்களையும் கேட்டு, ஸ்டேட் ஸ்டேட்டாவும் எண்ணறான். நம்ம ஸ்டேட்ல ஒரு வருஷத்துக்கு மேல சட்டசபையே கிடையாது, கவர்னர்தான். எண்ணினாலும் எதை எண்ணறது?"

"பாட்டு என்ன ஆச்சு ஐயா?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "முதல்ல வரல. ஆனா மூணாவதா வருது. நான் நாலுன்னு தெளிவா போட்டேன்."

திங்கட்கிழமை நான் பெட்டி கட்டும்போது பட்டயத்தைக் காணோம். ஹாலில், தொலைபேசிக்கு மேலே, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் பேனாவையும் காணோம். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது சொன்னார். "ஊர்ல அடுத்த மாசம் சட்டசபைத் தேர்தல். போட்டுட்டு ரிசல்ட் எழுதுங்க. மாயவரத்துல என் பேரு இன்னும் லிஸ்ட்ல இருக்கும். என்ன ஆச்சுன்னு தம்பியைப் பார்க்கச் சொல்லுங்க."

ஜூன் மாதம் சென்னையில் வெயில் கொளுத்திய ஒரு காலையில் நான் ஓட்டுப் போடப் போனேன். ஒலிபெருக்கி இருந்தது, போலீஸ் இருந்தது, மை இருந்தது. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று விரலை நீட்டினேன்.

"உங்க ஓட்டு போட்டாச்சே சார்" என்றார் அதிகாரி.

"நான் இப்பத்தான் வர்றேன்."

"காலைல எட்டரைக்கே வந்துட்டீங்க. இதோ பாருங்க, கையெழுத்து."

பார்த்தேன். என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது.

மாநில முடிவுகள் வெளியானதும், எந்தத் தொகுதியில் யார் என்பதோடு, இதையும் சேர்த்து வேதாசலம் ஐயாவுக்கு எழுதினேன். மாயவரம் போய்வந்த அவர் தம்பியும் தனியாக எழுதினார். மூன்று வாரத்தில் நீல வான்தபாலில் பதில் வந்தது. மை இரண்டு இடத்தில் கசிந்திருந்தது. என் பேனாதான்.

"தங்கள் கடிதம் கண்டேன். மாயவரத்தில் என் ஓட்டும் காலையிலேயே விழுந்துவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறான். ஆக ஒரே மாதத்துக்குள் இரண்டு கண்டங்களில் நான் ஓட்டுப் போட்டிருக்கிறேன். இங்கே பிரிட்டிஷ் பிரஜையாகப் போட்டது நானேதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அங்கே இந்தியப் பிரஜையாகப் போட்டவன் யாரென்று தெரிந்தால் விலாசம் எழுதவும். பட்டயத்தை அவனுக்கு அனுப்பிவிடுகிறேன்."